பார்க்காத படத்துக்குக் கதை சொன்ன மதியம்

பார்க்காத படங்களைப் பார்த்ததாகச் சொல்லித் திரிவது எனக்கு இருபது வயதிலேயே வந்துவிட்ட பழக்கம். குடிக்கிறவனை நிறுத்தச் சொல்ல நான்கு பேர் இருப்பார்கள். என்னை யாரும் நிறுத்தச் சொன்னதில்லை, நான் சொல்வது பொய் என்று யாருக்கும் தெரியாது. நான் பேசிய படங்களைத் தூத்துக்குடியில் வேறு யாரும் பார்த்திருக்கவில்லை. (நானும்தான்.)

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் எனக்கு வேலை. எந்த நாட்டிலிருந்து எந்தக் கன்டெய்னர் வந்திருக்கிறது, உள்ளே என்ன என்று பார்த்துக் காகிதம் தயாரிக்க வேண்டும். முந்திரிக்கொட்டை வரும், மரத்தடி வரும், பழைய பேப்பர்கூடக் கட்டுக்கட்டாக வரும். அந்த நாட்டுப் பெயர்களைத் தட்டச்சு செய்யும்போதெல்லாம், அந்த ஊர்க்காரர்கள் எடுத்த ஒரு படத்தைப் பெரிய திரையில் பார்க்க மாட்டோமா என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

திருவனந்தபுரத்தில் வருடந்தோறும் திரைப்பட விழா நடக்கிறது. ரயிலில் ஏறினால் அரைநாள் பயணம்கூட இல்லை. பதினோரு வருடம் போக நினைத்து, பதினோரு வருடமும் போகவில்லை. ஒரு வருடம் லீவு கிடைக்கவில்லை, ஒரு வருடம் மகளுக்கு அம்மை, ஒரு வருடம் மைத்துனி கல்யாணம். போய் வந்தவர்கள் பத்திரிகைகளில் எழுதுவதை வாசித்தே காலம் ஓடியது. கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றது, இருட்டில் பக்கத்து நாற்காலிக்காரர் அழுதது என்றெல்லாம் எழுதுவார்கள். செல்போனில் பார்த்தால் என்ன என்று கேட்பீர்கள். பார்த்திருக்கிறேன். நடுவில் ஆபீசிலிருந்து போன் வரும், அதோடு சரி. எனக்கு நூறு பேரோடு இருட்டில் உட்கார வேண்டும்.

அதனால் சாமுவேல் சார் நம்ம ஊரிலேயே விழா நடத்தப் போகிறார் என்று கேள்விப்பட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் நாசரேத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்று, மகளோடு தூத்துக்குடியில் குடியிருப்பவர். கடற்கரைச் சாலையில் ஒரு சமுதாயக் கூடத்தில் சனி, ஞாயிறு இரண்டு நாள் விழா. எல்லாமே கடலைப் பற்றிய படங்கள். கடற்கரை ஊர்களின் சர்ச்சுகளுக்கெல்லாம் சொல்லி ஆட்களை வரவழைத்திருந்தார். ஆலோசனைக் கூட்டத்தில் அவர் படங்களின் பெயர்களை வாசிக்க வாசிக்க, எல்லாவற்றுக்கும் தெரிந்தவன் மாதிரித் தலையாட்டினேன். ஸ்பானிஷ் படம் ஒன்று வந்ததும் வாய் சும்மா இருக்கவில்லை.

“இத நான் பாத்திருக்கேன் சார். கடைசி சீன்ல அழுதுட்டேன்” என்றேன்.

உண்மையில் அந்தப் படத்தைப் பற்றி அரைப்பக்கக் குறிப்பு ஒன்றை என்றோ வாசித்திருந்தேன். ‘கடலைப் பார்த்த வீட்டில் ஒரு பெண்ணின் காத்திருப்பு’ என்ற ஒரு வரிதான் நினைவில் இருந்தது.

சனிக்கிழமை என் வாழ்க்கையின் நல்ல நாட்களில் ஒன்று. கழுத்தில் அட்டை மாட்டினார்கள். விளக்கை அணைத்தார்கள். முதல் படத்தில் அலை எழுந்தபோது, பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒருவர் என்னோடு சேர்ந்து மூச்சை இழுத்துப் பிடித்தார். பதினோரு வருடமாகக் கேட்டது இவ்வளவுதான். மூன்று படம் பார்த்தேன். மறுநாள் காலையில் அட்டையைக் கழற்ற மனமில்லாமல் அப்படியே மீன் வாங்கப் போய்விட்டேன். “ஆஸ்பத்திரியில வேலைக்குச் சேந்துட்டாவளான்னு மீன்காரம்மா கேக்காவ” என்றாள் என் மனைவி செல்வி.

ஞாயிறு மதியம் அந்த ஸ்பானிஷ் படம். புன்னைக்காயலிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். செல்வியும் மகளும் மூன்றாவது வரிசையில். வெளியூர்த் திரைப்படச் சங்கம் ஒன்று வசனங்களைத் தமிழில் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தது; சாமுவேல் சாரே படத்தை இன்னும் பார்த்திருக்கவில்லை. படம் தொடங்கியதும் திரையின் அடியில் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக ஓடியது. லேப்டாப்பை அணைத்துப் போட்டார்கள். மறுபடியும் கட்டங்கள். பின்வரிசையில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது.

சாமுவேல் சார் நேராக என்னிடம் வந்தார். அவர் முகத்தைப் பார்க்கவே சகிக்கவில்லை.

“இந்தப் படத்தப் பாத்த ஒரே ஆளு நீங்கதான். மைக்கப் புடிச்சு ஓரமா நின்னு கதையச் சொல்லிருங்க. ஆளு கலைஞ்சிரக் கூடாது.”

உண்மையைச் சொல்ல அதுதான் நேரம். அப்போது செல்வி திரும்பி என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு பெருமையோடு அவள் என்னைப் பார்த்து வருடக்கணக்காகியிருந்தது. மைக்கை வாங்கிக்கொண்டேன்.

திரையில் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி, கடலோரப் பாறைமேல் ஒரு வீட்டில், சுவரிலிருந்த பழைய போட்டோவை எடுத்துத் துடைத்தாள்.

“இது அவளுடைய கணவன். கப்பலுக்குப் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது” என்றேன்.

கூடம் அமைதியாகிவிட்டது. அந்த அமைதிதான் என்னைக் கெடுத்தது. அடுத்து அவளுக்கு ஒரு தபால் வந்தது. வாசித்துவிட்டு அப்படியே உட்கார்ந்தாள். கணவன் எழுதியிருக்கிறான், அடுத்த மாதம் வருகிறானாம் என்றேன். அவள் வாசல் கதவுக்குப் பெயிண்ட் அடித்தாள். அவன் வரும்போது வீடு அழகாக இருக்க வேண்டாமா என்றேன். கோட்டு போட்ட குண்டு மனிதர் ஒருவர் வந்து அவளோடு சண்டை போட்டார். கணவனின் அண்ணன், காத்திருந்தது போதும், என்னோடு பட்டணத்துக்கு வா என்கிறார் என்றேன். எல்லாம் கச்சிதமாகப் போய்க்கொண்டிருந்தபோது அந்த அண்ணன் அவளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்துவிட்டார்.

“அந்த நாட்டில் இப்படித்தான் ஆறுதல் சொல்வார்கள்” என்றேன். ஆறுதல் நீண்டுகொண்டே போனது. பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்து அடங்கியது.

கடைசிக் காட்சியில் அவள் கதவைப் பூட்டிவிட்டுக் கரையில் நின்று கடலைப் பார்த்தாள். தூரத்தில் ஒரு கப்பல் போனது. “அது அவன் கப்பல் இல்லை” என்றேன். குரல் உடைந்தது. நடிக்கவில்லை. மூன்று வரிசை சேர்ந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. திருவனந்தபுரத்தில் எனக்கு வாய்க்காதது இதுதானே என்று நினைத்துக்கொண்டேன். விளக்குப் போட்டதும் கை தட்டினார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு (தலையை லேசாகத் தாழ்த்தியும்) ஏற்றுக்கொண்டேன்.

யாராவது கருத்துச் சொல்லலாம் என்றார் சாமுவேல் சார். இரண்டாவது வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து மைக்கை வாங்கினார். புன்னைக்காயல் சேவியர் பர்னாந்து. கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

“எனக்கு அந்தப் பாஷ தெரியும். அந்த ஊர்க்காரங்களோட ரொம்ப வருசம் ஒரே கப்பல்ல கெடந்தவன்” என்று நிதானமாகத் தொடங்கினார். “அந்தக் குண்டு ஆளுதான் அவ புருசன். வீடு வித்துக் குடுக்குத புரோக்கரு. போட்டோவுல இருக்கது அவ அப்பா. வந்தது முனிசிபாலிட்டி நோட்டீசு, கடல் அரிக்கி, வீட்டக் காலி பண்ணுன்னு. அதுக்குள்ள எவன் தலையிலயாவது கட்டிரணும்னுதான் பெயிண்ட் அடிக்கா. ஆளு வாங்க வருமான்னு காத்துக் கெடக்கா.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார். “இது சிரிப்புப் படம்.”

அந்தக் கூடத்தின் தரை சிமெண்டுத் தரை. பிளந்து வழிவிடும் வகை அல்ல.

அப்போதே ஏன் சொல்லவில்லை என்று சாமுவேல் சார் அவரைக் கேட்டார். அவர் பக்கத்திலிருந்த தன் மனைவியைக் காட்டி, இவள்தான் கையைப் பிடித்து அமுக்கிவிட்டாள் என்றார். பிலோமினா அம்மா உட்கார்ந்தபடியே, மைக் இல்லாமலே பேசினார்.

“அவுக சொன்னதுல என்ன தப்பு? இவுக கப்பல்ல இருந்தப்ப நானும் கதவுக்குப் பெயிண்ட் அடிச்சுட்டுத்தான் இருந்தேன். வாரேன்னு எழுதுன மாசம் வரல. அதுக்கு அடுத்த மாசமும் வரல. இத யாருகிட்டச் சொல்ல? இன்னைக்கு ஒருத்தர் சொன்னாவ, இவுக ரெண்டு மணி நேரம் ஒக்காந்து கேட்டாவ.”

பர்னாந்து அண்ணாச்சி மைக்கைக் கீழே இறக்கிவிட்டார். “கதவுக்கா?” என்று மனைவியிடம் மெதுவாகக் கேட்டார். பிலோமினா அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டார். கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை.

ஆட்கள் டீ குடிக்க எழுந்து போன பிறகு சாமுவேல் சார் என்னிடம் வந்தார். விடையை விட்டுவிட்டு வழிமுறையைச் சரிபார்க்கும் கணக்கு வாத்தியாராகத்தான் கேட்டார். இந்தப் படம் பார்க்கவில்லையா? இல்லை சார். மற்ற படங்கள்? அதுவும் இல்லை சார். அப்படியானால் என்னதான் பார்த்திருக்கிறீர்கள்?

“நேத்துப் பாத்த மூணுதான் சார்.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டுவார் என்று நின்றேன். “அடுத்த படம் அஞ்சு நிமிசத்துல போட்ருவோம். முன்னாடி போயி இரிங்க” என்றார். போய் உட்கார்ந்தேன். அந்தப் படத்தில் ஒரு காட்சிகூட இப்போது நினைவில்லை. முதுகில் நூறு பேர் பார்ப்பது மாதிரியே இருந்தது.

அதற்குப் பிறகு என் வீட்டில் நான் எதைச் சொன்னாலும் ஒரு கேள்வி வரும். ஆபீசில் மீட்டிங், அதனால் தாமதம் என்பேன். “இது படத்துல உள்ளதா, நீங்களாச் சொல்லுததா?” என்பாள் செல்வி. மகளும் பிடித்துக்கொண்டாள். பிறகு என் மாமனார். இப்போது சொந்தக்காரர் கல்யாண வீடுகளில் பந்தியில் இலை போடுகிறவர்கள்வரை கேட்கிறார்கள்.

போன மாதம் சாமுவேல் சார், கட்டங்கள் எல்லாம் எழுத்துகளாகிவிட்டன என்று அந்தப் படத்தைக் கொடுத்தனுப்பினார். மூவரும் வீட்டு டிவியில் போட்டுப் பார்த்தோம். பர்னாந்து அண்ணாச்சி சொன்னது அத்தனையும் சரி. நல்ல சிரிப்புப் படம். மகள் சிரித்துச் சிரித்துச் சோபாவிலிருந்து நழுவினாள். கடைசியில் அந்தப் பெண் கதவைப் பூட்டிவிட்டுக் கரையில் நின்று கடலைப் பார்த்தாள், தூரத்தில் அந்தக் கப்பல் போனது. பெயர்கள் ஓடி முடிந்ததும் செல்வி என் பக்கம் திரும்பினாள்.

“அப்ப அந்தக் கப்பல்காரன் வரவே மாட்டானா?” என்றாள்.

அப்படி ஒருவன் படத்திலேயே இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

“வருவான்” என்றேன்.

“இது படத்துல உள்ளதா, நீங்களாச் சொல்லுததாப்பா?” என்றாள் மகள்.

“ஏளா, நீ சும்மா இரு” என்று அவளை அடக்கிவிட்டு, அடுத்து நான் என்ன சொல்லப் போகிறேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள் செல்வி.