‘வேண்டாம்’ என்பதற்கு ‘யெஸ்’

தாராவி,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மருமகன் ஏஞ்சலோவுக்கு,

மாமா சேசுராஜ் ஆசீர்வதித்து எழுதுவது. வாஷியில் நீயும் சுஜாவும் பேத்தியும் ஆண்டவர் கிருபையில் நலமாக இருக்க வேண்டும். இங்கே நானும் சின்னவள் அனிஷாவும் இருக்கிறோம். நலம் என்று எழுதப் பேனா வரவில்லை, மன்னித்துக்கொள். போன் போட்டால் நீ எப்போதும் மீட்டிங்கில் இருக்கிறாய், ஆகவே இதை எழுதி வாட்ஸ்அப்பில் படமாக அனுப்புகிறேன். உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும், சுஜாவைப் படித்துக் காட்டச் சொல்.

இன்டர்நெட்டில், கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் சர்க்யூட் கட்டும் உங்கள் கூட்டத்தில் என் மகன் ஸ்டெர்லினைச் சேர்த்துவிட்டது நீதான். போன மழையில் டெங்கு அவனைக் கொண்டுபோனது. அங்கே அவனுக்கென்று கொடுத்த இடத்தில் அவன் கட்டிய விளக்கு வரிசை மட்டும் இன்னும் மாறி மாறி எரிந்துகொண்டிருக்கிறது. ஆள் வராத இடத்தை அழித்துவிடுவது உங்கள் சட்டமாம். வீட்டார் யாராவது உறுப்பினராகிக் கேட்டுக்கொண்டால் விட்டுவைப்பார்களாம். அனிஷாவுக்கு அந்தத் திரையைப் பார்த்தாலே அழுகை வருகிறது, ஆகவே நான் மனுப் போட்டேன். தாராவிக்காரன் இடம் கேட்டு மனுப் போட்டால் சும்மா போடுவானா? ரேஷன் கார்டு, லைட் பில், எலெக்ஷன் கார்டு எல்லாம் இணைத்தேன். செம்பூர் ஹவுசிங் சொசைட்டி வாசலில் ஆயுசைக் கழித்த வாட்ச்மேன் எனக்கு, இன்டர்வியூவில் கேட்பார்களென்று, சர்க்யூட்டுக்குள் இருக்கும் ‘கேட்’ பற்றி அனிஷா பாடம் நடத்தினாள். இரண்டு பேர் சேர்ந்து வந்தால் திறப்பது ஒரு கேட்டாம், யார் ஒருவர் வந்தாலும் திறப்பது இன்னொன்றாம், ஆள் வந்தால் மூடிக்கொண்டு ஆள் போனால் திறப்பது மூன்றாவதாம். மூன்றாவது எனக்கு உடனே புரிந்தது, எங்கள் சொசைட்டி செக்ரட்டரி கேஷவ் அப்படித்தான்.

அப்புறம் இன்டர்வியூ. அனிஷா போனை ஸ்பீக்கரில் வைத்துவிட்டு ஆஸ்பத்திரி டியூட்டிக்கு ஓடிவிட்டாள். எந்த நாட்டுப் பையனோ, நல்ல மரியாதை. “யாருடைய சர்க்யூட்டையும் நீங்கள் காப்பியடிக்கவில்லையே?” என்று இங்கிலீஷில் கேட்டான். “யெஸ்” என்றேன். காப்பியடிக்கவில்லை என்பதற்கு யெஸ். “சாப்பிடலியா?” என்று கேட்டால் நாம் “ஆமா, சாப்பிடல” என்றுதானே சொல்வோம்? அவன் என்னவோ டைப் அடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு, “ஸ்டெர்லின் கட்டியதை அழிக்க வேண்டாமா?” என்றான். அடிவயிற்றிலிருந்து “யெஸ்! யெஸ்!” என்று கத்தினேன். ஸாரி சொன்னான், ஞாயிற்றுக்கிழமை அழித்துவிடுவதாகச் சொன்னான், நான் வாயைத் திறப்பதற்குள் லைனை வைத்துவிட்டான்.

அனிஷா வந்து தலையில் அடித்துக்கொண்டாள். “அப்பா, இங்கிலீஷ்ல அது நேர்மாறு, யெஸ்னா அழிச்சிருங்கன்னு அர்த்தம். உங்க வாயில யெஸ் வந்துச்சுன்னா முழுங்கிட்டு நோ சொல்லுங்க, சமஜ்கயா, புரிஞ்சுதா?”

“ஏட்டி, பெத்தவன் வேண்டாம்னு சொன்னா வேணும்னா அர்த்தம்?” என்று கேட்டேன்.

அந்த விளக்குகள் என்ன கணக்குப் போடுகின்றனவோ, எனக்குத் தெரியாது. அவன் கைபட்டதில் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது அது ஒன்றுதான். அதுவும் அணைந்தால் நான் எதைப் பார்த்துக்கொண்டு உட்காருவேன்? ஞாயிற்றுக்கிழமைக்குள் அவர்களிடம் பேசு, மருமகனே. மாமா யெஸ் என்றது வேண்டாம் என்பதற்குத்தான் என்று சொல்.

சுஜாவுக்கு என் அன்பு. பேத்தியின் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போடு. பகலில் தூங்கினாலும் கொசுவலை கட்டுங்கள்.

இப்படிக்கு,
மாமா சேசுராஜ்

பி.கு.: இதை அனுப்பப்போகும் நேரத்தில் அந்தப் பையனே திரும்பக் கூப்பிட்டான். அனிஷா டியூட்டியில் இருக்கிறாள். மனசு கேட்காமல் கடைசியாக ஒருமுறை கேட்கிறானாம்: “ஸ்டெர்லின் கட்டியது அப்படியே இருக்கட்டுமா?” யெஸ் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அனிஷா சொன்னபடி முழுங்கிவிட்டுத் தெளிவாக “நோ” என்றேன். நம்பாமல் மறுபடி கேட்டான், மறுபடியும் நான் ஏமாறவில்லை. ஆகவே நீ யாரிடமும் பேச வேண்டாம், உன் வேலையைப் பார். அனிஷா வந்ததும் சொல்ல வேண்டும், சந்தோஷப்படுவாள்.