கொஞ்சம் லைன்ல இருங்க

பச்சை விளக்கு எரிகிறது. வெள்ளைத் தாள் அடுக்கியாகிவிட்டது. மை ஊற்றியாகிவிட்டது. கணினித் திரை வேறு 'அச்சாகிவிட்டது' என்று கூசாமல் சொல்கிறது. பிரிண்டரிலிருந்து மட்டும் ஒரு துண்டுக் காகிதம்கூட வெளியே வரவில்லை.

ஆபரேட்டரம்மா மறுபடியும் அழுத்தினாள். திரை மறுபடியும் 'அச்சாகிவிட்டது' என்றது.

இவ்வளவு நெஞ்சழுத்தத்தோடு பொய் சொல்லும் இயந்திரத்தை அவள் பார்த்ததே இல்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அவள் வேலை பார்த்த காலத்திலும் இயந்திரங்கள் இருந்தன. கெட்டுப்போனால் கெட்டுப்போனேன் என்று ஒப்புக்கொண்டு சும்மா கிடக்கும். இப்படி முகத்துக்கு நேரே புளுகாது.

கட்டிடம் முழுக்க அவளை ஆபரேட்டரம்மா என்றுதான் கூப்பிடும். அவள் வேலையை விட்டு வெகுகாலம் ஆகிவிட்டது, வேலைதான் அவளை விடவில்லை. வாசல் மணி அடித்தால் உள்ளேயிருந்து, "லைன்ல இருங்க, வரேன்" என்றுதான் குரல் வரும். ஒருமுறை பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னபோதும் இதையே சொன்னாள் என்று ஒரு பேச்சு உண்டு.

அச்சாக வேண்டியது ஒரே ஒரு புகைப்படம். எக்ஸ்சேஞ்சில் எடுத்தது, மகள் எப்போதோ ஸ்கேன் செய்து கணினியில் போட்டுவைத்தது. சுவர் நீளத்துக்கு அழைப்புகளை இணைக்கும் போர்டுகள், அவற்றின் முன்னால் உயரமான நாற்காலிகளில் இரண்டு பெண்கள், காதில் ஹெட்போன், கையில் வயர். ஒருத்தி இவள். பக்கத்தில் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டிருப்பவள் அடுத்த போர்டுக்காரி. இவள் அவளுக்கு வைத்த பெயரே அதுதான்.

வேலை நேரத்தில் ஆபரேட்டர்கள் பேசக் கூடாது, சூப்பர்வைசர் முதுகுக்குப் பின்னாலேயே நடப்பார். அதனால் முழங்கை இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, இவள் போர்டிலிருந்து அவள் போர்டுக்கு ஒரு வயரைச் சொருகி, இருவரும் போனில் பேசிக்கொள்வார்கள். சூப்பர்வைசருக்கு இவர்கள் வாய் ஓயாமல் உழைக்கிறார்கள் என்று ஒரே பெருமை. நடுவில் வெளி அழைப்பு வந்தால், "லைன்ல இருடி" என்று சொல்லிவிட்டு அதைக் கவனிப்பார்கள். எவ்வளவு நேரமானாலும் அந்தப் பக்கம் இருப்பவள் வயரைப் பிடுங்க மாட்டாள். இருவருக்கும் அது சத்தியம் மாதிரி.

அந்தச் சிரிப்பெல்லாம் இப்போது எங்கே போனதோ.

ஓய்வு பெற்ற பிறகும் பிரிய மனமில்லாமல் இருவரும் ஒரே கட்டிடத்தில் வாடகைக்கு வீடு பிடித்தார்கள். இவள் கீழே, அவள் மாடியில். அப்புறம் ஒரு நாள் மாடிக் கொடியில் காய்ந்த சிவப்புப் போர்வை சாயம்விட்டுச் சொட்டிச் சொட்டி, கீழே காய்ந்த இவளுடைய வெள்ளை விரிப்புகளை எல்லாம் நாசம் செய்தது. இவள் ஒன்று சொல்ல, அவள் இரண்டு சொல்ல, அத்தோடு பேச்சு நின்றது. மன்னிப்புக் கேட்பது யார் என்பதில் மட்டும் இருவருக்கும் அபிப்பிராய பேதமே இல்லை. எதிர்ப்பக்கம்தான் கேட்க வேண்டும்.

அந்த அடுத்த போர்டுக்காரி நாளைக் காலையில் வீட்டைக் காலி செய்துகொண்டு மகன் இருக்கும் ஊருக்குப் போகிறாள். செய்தி வாட்ச்மேன் வழியாக வந்தது. அந்த மனிதருக்குத் தெரியாத சமாச்சாரம் கட்டிடத்தில் கிடையாது. லாரி எப்போது வருகிறது என்பதில் ஆரம்பித்து, மாடியம்மாவுக்குப் புதிதாகக் கட்டிய பல் செட் ஈறை உறுத்துகிறது, டாக்டரைத் திட்டிக்கொண்டிருக்கிறார் என்பதுவரை ஒப்பித்துவிட்டுத்தான் போனார்.

மாடியில் காலையிலிருந்து பெட்டிகளை இழுக்கும் சத்தம் கேட்டபடியே இருந்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் ஆபரேட்டரம்மா கூரையை நிமிர்ந்து பார்த்தாள். சும்மா போய்க் கதவைத் தட்ட மானம் இடம் கொடுக்கவில்லை. கையில் இந்தப் படம் இருந்தால், "இந்தா, சாமானோட இதையும் வச்சுக்கோ" என்று முறைப்பாகவே கொடுத்துவிட்டு வந்துவிடலாம். கொடுக்கிற சாக்கில் ஒரு வார்த்தை பேசாமலா போய்விடுவாள்? தெருமுனைப் போட்டோ ஸ்டூடியோ எப்போதோ செல்போன் கடையாகிவிட்டது. ஆக, எல்லாம் இந்தப் பிரிண்டரின் கையில்தான் இருந்தது.

பிரிண்டர் வெளியூரில் இருக்கும் மகள் அனுப்பியது. "மாடி வீட்டு அண்ணன்கிட்ட கேட்டுத்தாம்மா வாங்கினேன்" என்று வேறு சொன்னாள். பெரியவர்கள் பேசாவிட்டால் என்ன, பிள்ளைகள் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். இன்டர்நெட்டுக்கும் செலவில்லை. கட்டிடத்துச் சொந்தக்காரர் மொட்டை மாடியில் ஒரு பெட்டியை வைத்து எல்லா வீட்டுக்கும் ஒரே இணைப்பாகக் கொடுத்திருந்தார். எந்தப் பிரிண்டர் என்று கணினி கேட்டபோது, ஒரே பெயர் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு முறை இருந்தது. கணினி தாராள மனசோடு எதையும் இரண்டாகக் காட்டுகிறது என்று நினைத்து, மேலே இருந்ததை அழுத்தியிருந்தாள்.

ஒருவேளை படம்தான் கனமோ என்னவோ, எழுத்தாக அனுப்பிப் பார்ப்போம் என்று தோன்றியது. எதை எழுதுவது? எப்படியும் வெளியே வரப்போவதில்லை என்கிற தைரியத்தில், மனதில் கிடந்ததையே ஒற்றை விரலால் தட்டினாள்.

'அடியே, நீ போயிட்டா நான் யார்கூடடி சண்டை போடுவேன்? போகாதே.'

தட்டிவிட்டு அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அழுத்தினாள். அச்சாகிவிட்டது என்றது திரை. வரவில்லை. ஆத்திரத்தில் விரல் வலிக்கிறவரை அழுத்தினாள்.

மகளைச் செல்போனில் பிடித்தபோது அவள் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தாள். குசுகுசுவென்று பேசினாள்.

"அம்மா, அட்டைப்பெட்டி மேல ஒரு நம்பர் இருக்கும். அதுக்கு மட்டும் போன் பண்ணு. நெட்ல தேடிப் பாத்து எந்த நம்பருக்கும் பண்ணாதே. கம்பெனி பேரைப் போட்டுக்கிட்டுத் திருடனுங்க உக்காந்திருக்கானுங்க. அதே மாதிரி, பிரிண்டர் விஷயமா யாராவது அவங்களாவே கூப்பிட்டா, சந்தேகமே வேணாம், திருடன்தான்."

அட்டைப்பெட்டியை அவள் முந்தின நாளே வாட்ச்மேனுக்குக் கொடுத்திருந்தாள். வாட்ச்மேன் அதைக் கட்டிடத்துப் பூனைக்குக் கொடுத்திருந்தார். பூனை அதில் குட்டி போட்டிருந்தது. நம்பர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்க ஆபரேட்டரம்மா குனிந்ததும், பூனை ஒரு உறுமல் உறுமியது. தாய்மைக்கு மரியாதை கொடுத்துப் புறங்கையில் ஒரு கீறலோடு திரும்பி வந்தாள்.

திரும்பி வந்தவள் மகள் எதைச் செய்யாதே என்றாளோ அதையே செய்தாள். நெட்டில் தேடினாள். எல்லாவற்றுக்கும் மேலே, கொட்டை எழுத்தில் ஒரு நம்பர் கிடைத்தது. அவளுடைய பழைய லேண்ட்லைன் போனை எடுத்துச் சுழற்றினாள். எக்ஸ்சேஞ்ச் காலத்திலிருந்து அவளுக்கு அதே போன், அதே நம்பர்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள். அங்கேயே அவளுக்கு லேசாக இடித்தது. அவள் அனுபவத்தில் எந்தக் கம்பெனியும் அவ்வளவு சீக்கிரம் போனை எடுத்ததில்லை.

தேன் ஒழுகும் குரலில் ஒரு வாலிபன் பேசினான். பிரிண்டரில் ஒரு கோளாறும் இல்லையாம். கணினியில்தான் வைரஸ் புகுந்து கும்மாளம் போடுகிறதாம். ஒரு சின்ன ஆப் இறக்கினால் போதும், அவனே அங்கிருந்தபடி கணினிக்குள் வந்து சுத்தம் செய்துவிடுவான். அதற்கு முன்னால் பேங்க் கார்டு மேலிருக்கும் நம்பரை மட்டும் படித்துக் காட்ட வேண்டும்.

"ஏம்ப்பா, உள்ளே வந்தாத்தான் பாக்க முடியும்கிறே. வராமலே வைரஸ் இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிச்சே?"

அவன் தயங்கிய அந்த இடைவெளியில் அவள் காது வேலை செய்தது. பின்னணியில் ஏகப்பட்ட குரல்கள். அத்தனையும் ஒரே வாக்கியத்தை, ஒரே தேன் குரலில், முன்னே பின்னே சொல்லிக்கொண்டிருந்தன. நிஜமான எக்ஸ்சேஞ்சில் ஒவ்வொரு குரலும் ஒவ்வொரு கவலையைப் பேசும். இது ஒரே பொய்யை மனப்பாடம் செய்கிற பள்ளிக்கூடம். ரிசீவரை வைத்துவிட்டாள்.

வைத்தவுடன் மணி அடித்தது. அதே தேன் குரல். "மேடம், லைன் கட்டாயிடுச்சு."

அப்போதுதான் ஆபரேட்டரம்மாவின் முதுகு தானாக நிமிர்ந்தது. எத்தனையோ வருடங்களாக உள்ளே தூங்கிக்கொண்டிருந்த குரல் எழுந்து வந்தது.

"மன்னிக்கணும். உங்க அழைப்பு எங்களுக்கு ரொம்ப முக்கியம். கொஞ்சம் லைன்ல இருங்க."

ரிசீவரை ரேடியோவின் பக்கத்தில் படுக்க வைத்தாள். ரேடியோவில் யாரோ மண்புழு உரம் தயாரிப்பது பற்றி விரிவாகப் பேசிக்கொண்டிருந்தார். அவனும் பொறுமையாகக் கேட்டான். பிறகு எடுத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, கணக்குப் பிரிவு என்றாள். அவன் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னான். மேலாளருக்கு மாற்றுவதாகச் சொல்லி மறுபடியும் மண்புழுவிடமே மாற்றினாள். கடைசியில் அவனே திட்டிவிட்டுத் துண்டித்தான். சற்று நேரத்தில் அவனுடைய சீனியர் என்று இன்னொருவன் கூப்பிட்டான். அவனுக்கும் மண்புழுதான்.

ஆபரேட்டரம்மாவின் கன்னம் சிவந்துவிட்டது. இப்படி அவள் சிரித்து எவ்வளவு நாளாயிற்று. இந்தக் கூத்தை அடுத்த நாற்காலியில் இருந்து வாயைப் பொத்திக்கொண்டு கேட்க ஒருத்தி இல்லையே என்பதுதான் ஒரே குறை. மேலே ஏதோ கனமான பொருளை நகர்த்தும் சத்தம் கேட்டது. சிரிப்பு அப்படியே அடங்கிப்போயிற்று.

மறுபடியும் மணி.

இந்த முறை ஒரு பெண் குரல். காற்று பாதி, பேச்சு பாதியாகக் குழறியது. "வந்து… உங்க பிரிண்டர் விஷயமா…"

ஆணை வைத்து நடக்கவில்லை என்றதும் இப்போது ஒரு கிழவியைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். ஆபரேட்டரம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வயசான குரலை வைத்து வயசானவர்களை ஏமாற்றுவதா?

"இந்த வயசுல உங்களுக்கு ஏன் இந்தப் பிழைப்பு? நான் பாதி வாழ்க்கை டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல உக்காந்தவ. குரலை வச்சே ஆளை எடை போட்டுடுவேன். என்கிட்ட நடக்காது."

"தெரியும், அதான்…" என்று ஆரம்பித்தது குரல்.

"தெரியுதில்ல? அப்போ கொஞ்சம் லைன்ல இருங்க."

ரேடியோ பக்கத்தில் ரிசீவரைப் படுக்க வைத்தாள். மண்புழு முடிந்து, ஏதோ பழைய காலத்து வீணை ஓடிக்கொண்டிருந்தது. கிழவி கொடுத்துவைத்தவள் என்று நினைத்துக்கொண்டு காபி போடப் போனாள்.

காபியோடு ஜன்னலோரம் உட்கார்ந்தபோது வெயில் இறங்கியிருந்தது. மாடியில் சத்தம் நின்றுவிட்டது. பெட்டி இழுபடவில்லை, காலடி கேட்கவில்லை. எல்லாவற்றையும் கட்டி முடித்துவிட்டார்கள் போலிருக்கிறது. படம் வரவில்லை. இனிமேல் வந்துதான் என்ன? ஒரு போர்வைச் சாயத்துக்காக ஒரு ஆயுள் சிநேகத்தைத் தொலைத்த முட்டாள் உலகத்தில் தான் ஒருத்தியாகத்தான் இருக்க முடியும் என்று தோன்றியது. இன்னொரு முட்டாள் நேர் மேலே இருப்பது ஞாபகம் வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வாசல் மணி அடித்தது.

"லைன்ல இருங்க, வரேன்."

கதவைத் திறந்தால் மாடி வீட்டு டிராயிங் மாஸ்டர் நின்றார். அடுத்த போர்டுக்காரியின் வீட்டுக்காரர், ரிட்டயர்டு ஓவிய ஆசிரியர். வாயில்லாப் பூச்சி. சண்டை வந்த நாளிலிருந்து மாடிப்படியில் எதிர்ப்பட்டால் யாருக்கும் தெரியாமல் ஒரு அரைச் சிரிப்புச் சிரிப்பார், அவ்வளவுதான். இரண்டு கையாலும் ஒரு கட்டுக் காகிதத்தை அணைத்துப் பிடித்திருந்தார்.

"எங்க வீட்டுப் பிரிண்டர் மத்தியானத்துலேருந்து தானா ஓடுதும்மா. சாமானைக் கட்டுற நேரத்துல பேயா பிசாசான்னு பயந்துட்டேன். உங்களதும் எங்களதும் ஒரே மாடலாம், இன்டர்நெட்டும் ஒண்ணாம். பையன் போன்ல சொன்னான். நீங்க அனுப்புறதெல்லாம் மேலே வந்துடுது."

கட்டை நீட்டினார். புகைப்படம், புகைப்படம், மறுபடி புகைப்படம். ஒவ்வொன்றிலும் அடுத்த போர்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அடியில் அந்த எழுத்துப் பக்கம், அவள் ஆத்திரத்தில் அழுத்திய அத்தனை தடவையும் அச்சாகியிருந்தது. யார்கூடடி சண்டை போடுவேன், யார்கூடடி சண்டை போடுவேன் என்று தாள் தாளாகக் கெஞ்சிக்கொண்டிருந்தது.

ஆபரேட்டரம்மாவுக்குக் காது மடல் சுட்டது. மானம் போன பிறகு மறைக்க ஒன்றுமில்லை.

"இதை அவ படிச்சாளா அண்ணா?"

"முதல் ஆளாப் படிச்சா."

"படிச்சுட்டுமா உங்களை அனுப்பினா? அவ்வளவு வீறாப்பா? அவளே இறங்கி வந்து கொடுத்தா என்னவாம்?"

மாஸ்டர் அவள் தோளுக்கு மேலாக, ரேடியோ பக்கத்தில் கிடந்த ரிசீவரைப் பார்த்தார்.

"எப்படிம்மா வருவா? படிச்ச கையோட, பல் செட்டைக்கூட மாட்டாம உங்களுக்குப் போன் போட்டா. நீங்க லைன்ல இருக்கச் சொல்லிட்டீங்களாமே, அப்போ பிடிச்சு ரிசீவரைக் காதை விட்டு எடுக்கமாட்டேங்கிறா."