நிமிராத வைத்தியர்

"மருந்து கிடையாது, ஊசி கிடையாது. வெறும் கையால முதுகெலும்பைச் சரி பண்றதுதான் கைரோபிராக்டிக்" என்று சொல்லிக்கொண்டே, மேசைக்கு அடியில் வைத்திருந்த பிளாஸ்டிக் முதுகெலும்பை எடுக்கக் குனிந்த வைத்தியரால் நிமிர முடியவில்லை.

இன்னொரு முறை முயன்றார். ஏதோ கெட்டியாக இழுத்துப் பிடித்தது. இந்த அலுவலகத்து மேனேஜர் மட்டும் தலையாட்டிவிட்டால், வாராவாரம் இங்கே வந்து ஊழியர்களின் முதுகைப் பார்க்கலாம். இல்லாவிட்டால் ஈயோட்டிக்கொண்டிருக்கும் கிளினிக்கை மூடிவிட்டு, மச்சினனின் பெயிண்ட் கடையில் போய் உட்கார வேண்டியதுதான். முதுகு வைத்தியருக்கே முதுகு பிடித்துக்கொண்டால் யார் தலையாட்டுவார்கள்?

உதவிக்கு வந்திருந்த மனைவி பக்கத்தில் வந்து கிசுகிசுத்தாள்.

"என்னங்க, ஏன் அப்படியே நிக்கிறீங்க?"

"சத்தம் போடாத. கீழ் முதுகு பூட்டிக்கிச்சு."

"நீங்கதானே டாக்டர், எடுத்து விடுங்க."

"என் முதுகு எனக்கு எட்டுமா?"

முன்வரிசையில் மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். பதறிப்போன வைத்தியர் வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

"இதுதான் முதல் பயிற்சி. எல்லாரும் எழுந்து என்னை மாதிரியே குனியுங்க."

நாற்காலிகள் கிறீச்சிட, அலுவலகமே குனிந்தது. மேனேஜரும் தொப்பையை அடக்கிக்கொண்டு குனிந்தார்.

"எவ்வளவு நேரம் டாக்டர்?" என்று யாரோ முனகினார்.

"நான் நிமிர்ற வரைக்கும்."

சொன்ன பிறகுதான், தன் வாயே தனக்குக் குழி வெட்டியது புரிந்தது. "தோளைப் பிடிச்சு இழு, நல்லா இழு" என்று மனைவியிடம் பல்லைக் கடித்தார். கல்யாணமான நாளிலிருந்து இதற்கே காத்திருந்தவள் போல அவள் பலங்கொண்ட மட்டும் இழுத்தாள். 'டர்' என்று ஒரு சத்தம்.

"எலும்பு சேர்ற சத்தம் கேட்டீங்களா?" என்றார் வைத்தியர், தன் கதை முடிந்ததென்றே நினைத்து.

குனிந்தபடியே கூட்டம் கைதட்டியது. இழுப்பு மட்டும் விடவில்லை. இனி பெயிண்ட் கடைதான் என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது, மேனேஜருக்குப் பக்கத்தில் குனிந்திருந்த காசாளர் மேசைக்கு அடியில் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"டாக்டர், உங்க முதுகுக்கு ஒண்ணும் இல்ல, கோட்டு நுனிதான் மேசைக்கால் ஆணியில மாட்டிக்கிட்டிருக்கு. அதைக் கழட்டிப் போட்டுட்டுச் சீக்கிரம் வாங்க, எங்க மேனேஜராலதான் இப்ப நிஜமாவே நிமிர முடியல."