இரண்டாகப் பிரிந்த பயணச் செலவு

என் அன்புக்குரிய மைத்துனருக்கு,

உன் அக்காவைக் கட்டியவன் எழுதுவது. நான் இங்கே நலமென்றே வைத்துக்கொள். உன் அக்கா மிக மிக நலம்; பிரச்சினையே அதுதான். போனில் சொல்லலாமென்றால் இந்த விடுதியில் இருமினாலே எல்லாக் கட்டிலுக்கும் கேட்கிறது. அதனால்தான் கடிதம்.

ஆளுக்கொரு முதுகுப்பை, கையில் அளந்த காசு, ஊர் ஊராகச் சுற்றுவது என்று கிளம்பினோம் அல்லவா? கம்பெனியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் செலவு என் பொறுப்பு. பையின் எடை கூடினால் விமானத்தில் தனிக் கட்டணம் என்றார்கள். விடுவேனா? இருந்த பேண்ட், சட்டை, ஸ்வெட்டர் எல்லாவற்றையும் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டேன். சோதனை வாசலில் காவலர் என்னைத் தடவிப் பார்த்தார், தடவிக்கொண்டே இருந்தார். துணிமேல் துணியாக வந்ததே தவிர ஆளைக் காணோம். தனியறைக்குக் கூட்டிப்போய், அத்தனையையும் கழற்றி, மறுபடி மாட்டி முடிப்பதற்குள் விமானம் பறந்துவிட்டது. உன் அக்கா தனியாக ஏற மனமில்லாமல் நின்றுவிட்டாள். ஆகவே புது டிக்கெட் இரண்டு. அந்த நஷ்டத்தை ஈடுகட்ட, விடுதியில் மலிவான மேல் கட்டிலைப் பிடித்தேன். ஏறிவிட்டேன், இறங்கத் தெரியவில்லை. கீழ்க் கட்டில் லாரி ஓட்டுநர், "பயப்படாதீங்க சார், என் தோள்ல கால வைங்க" என்றார். வைத்தேன். இருவரும் சேர்ந்து என் பைமேல் விழுந்தோம். பை கிழிஞ்சு, உள்ளே இருந்த ஷாம்பு வெடிச்சு, அவர் சட்டையெல்லாம் நுரை. சலவைக் கூலியும் என் தலையில்.

அப்போதுதான் உன் அக்கா சொன்னாள்: "போதும்ங்க. இனிமே இருக்கிற காசுல உங்க பாதி உங்களுக்கு, என் பாதி எனக்கு. உங்க சிக்கனம் எனக்குக் கட்டுப்படியாகல."

அன்றைக்கே வரவேற்பு மேசைப் பெண்ணின் மூட்டுவலிக் கதையை முழுசாகக் கேட்டு, ஜன்னல் வைத்த அறையைப் பாதி வாடகைக்கு வாங்கிவிட்டாள். எதிர்க் கடையில் சூடாக சூப் குடிக்கிறாள். நான் தெருவில் நின்று காய்ந்த ரொட்டி மெல்லும்போது கண்ணாடி வழியா கையாட்டுறா மாப்பிள்ளை, கை! அதுகூடப் பரவாயில்லை. நேத்து தனியா அருவி பார்க்கப் போனேன். "எவ்வளவு தண்ணி பாரு"ன்னு திரும்பினா, பக்கத்துல யாரும் இல்ல. என்னமோ போல ஆயிடுச்சு.

ஆகவே அவளிடம் பேசி, இரண்டு பாதியையும் ஒன்றாக்கச் சொல். நான் கேட்டதாக மூச்சு விடாதே. மறுத்தால் வெள்ளிக்கிழமை நான் மட்டும் ஊர் திரும்புவேன். இது உறுதி.

உன் மனைவிக்கு என் அன்பு. குழந்தைகள் நன்றாகப் படித்து, கணக்கில் மட்டும் என்னைப்போல் ஆகாமல் இருக்க ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் அக்காவின் பாதி

பி.கு.: தபால்தலை வாங்கச் சில்லறை பத்தவில்லை. உன் அக்காவிடமே கேட்க வேண்டியதாயிற்று. "என்ன எழுதியிருக்கீங்க, காட்டுங்க" என்று பிடுங்கிப் படித்தாள். "இதுக்கு என் தம்பி எதுக்குங்க? என்கிட்ட கேட்டா வாய் வலிக்குமா?" என்று சொல்லி, என் பர்ஸை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். நாளைக்கு இரண்டு பேரும் மலைப் பக்கம் போகிறோம். ஊர் திரும்புவது எப்போது என்று அவள் இன்னும் சொல்லவில்லை. நீ யாரிடமும் எதுவும் பேச வேண்டாம். கடிதத்தைக் கிழிக்கப் போனேன், விடவில்லை. தபால்தலைக்குக் கொடுத்த காசு வீணாகக் கூடாதாம்.