பதினாலு அதிதிகளுக்கு ஒரு நாடகம்

போன சனிக்கிழம எனக்கிருந்தது ஒரே ஒரு வேல. எங்க நாடகத்துக்கு அழைப்பிதழ் அடிக்கக் குடுக்கணும்.

வர்ற ஞாயித்துக்கிழம பின்னேரம் மூணு மணிக்கு எங்க தேயிலைத் தோட்டத்து மண்டபத்துல நாடகம். நான் முன்பள்ளி டீச்சர். எழுதினதும் நான், இயக்குறதும் நான். கொழுந்து பறிச்சுட்டு களைச்சு வர்ற ஆறு பேரப் பிடிச்சு வச்சு மூணு மாசமா பழக்கியிருக்கேன்.

உண்மையச் சொல்லிடுறேன். "எழுத்து, இயக்கம்: கலா டீச்சர்"னு அச்சுல பாக்குற ஆசையிலதான் நாடகமே எழுதினேன்.

பொறப்படும்போது, நாடகத்த நடத்துற மன்றத்துத் தலைவர் செல்வராஜ் அண்ணன் ஒரு தாள நீட்டினாரு. "அதிதிங்க பேரு. பிரதம அதிதி நம்ம தோட்டத்துப் பெரிய தொர."

"சரிண்ணே. ஆனா இதுல ஒம்போது பேரு இருக்கே?"

"தொரயப் போட்டுட்டு சின்னத் தொரய விட முடியுமா? அவரப் போட்டுட்டு கோயில் தலைவர விட்டா, சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டுவாரு!"

நியாயம்தான். தாள மடிச்சு பேக்குல வச்சேன்.

பஸ் ஏறுற எடத்துல கடை மொதலாளி. "டீச்சர், நாடகமாமே? கதிரயெல்லாம் நான் தர்றேன். பேர மட்டும் மறந்துறாதீங்க."

பஸ்ஸுக்குள்ள ரிட்டயரான தபால் ஐயா. அவரு ஒண்ணுமே கேக்கல. நெஞ்சத் தடவிக்கிட்டு, "நம்மளையெல்லாம் யாரு ஞாபகம் வச்சிருக்கா"ன்னாரு. எழுதிட்டேன். எனக்கு இல்லன்னு சொல்ல வராது. பொகவந்தலாவை பஜார்ல எறங்கும்போது பதினாலு பேரு ஆயிட்டாங்க!

அச்சகம் நடத்துற நானா தாள மேலயும் கீழயும் பாத்தாரு. "இவங்கள்ல நடிக்கிறது எத்தன பேரு?"

"யாரும் இல்ல நானா. இவங்க பாக்க வர்றவங்க."

அவரு கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு.

திரும்பி வர்ற வழியில, பஸ் வளைவுக்கு வளைவு ஆடிக்கிட்டிருக்கும்போது நானா போன் பண்ணினாரு. "டீச்சர், கார்டுல எடம் பத்தல. ஏதாச்சும் எடுக்கணும்."

ஒரு கையில கம்பி, ஒரு கையில போன். "நானா, அதிதிங்க பேர்ல மட்டும் கை வச்சுறாதீங்க! ஒரு பேரு கொறஞ்சாலும் நான் தோட்டத்துல குடியிருக்க முடியாது. மத்ததுல பாத்து எடுங்க."

"சரி டீச்சர்."

திங்கக்கிழம பஸ்ல பார்சல் வந்துச்சு. பிரிச்சு, விரல் வச்சு, மூணு தடவ வாசிச்சேன். பதினாலு பேரும், இனிஷியல் உட்பட, அச்சு அசலா இருந்தாங்க. அப்படியொரு நிம்மதி! ஒவ்வொரு லயமா, வீடு வீடா ஏறி எறங்கி எரநூறு கார்டையும் குடுத்து முடிச்சேன்.

கடைசியா ஒண்ணு, எங்க கதாநாயகன் மணிக்கு. அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பாத்தான்.

"அக்கா, நம்ம நாடகம் எங்க?"

"கீழ பாருடா."

"கீழ மொதலாளி இருக்காரு."

புடுங்கிப் பாத்தேன். நாள் இருக்கு. நேரம் இருக்கு. மண்டபம் இருக்கு. நாடகம்ங்கிற பேச்சே இல்ல. கலா டீச்சரும் இல்ல!

நானாவுக்குப் போன் அடிச்சுக் கத்தினேன். அவரு பொறுமையா சொன்னாரு. "நீங்கதானே டீச்சர் மத்ததுல எடுக்கச் சொன்னீங்க? நாளும் நேரமும் எடமும் போக, மத்தது இருந்ததே ரெண்டு வரிதான்."

திரும்பவும் லயத்துக்கு ஓடினேன். பாக்கியம் அக்கா வாசல்லயே கார்டக் காட்டினாங்க. "இத்தன பெரிய மனுசங்க வர்றாங்கன்னா மீட்டிங்குதான். ஞாயித்துக்கிழம உடுப்பு கழுவுற நாளு டீச்சர், நாங்க வரல."

"ஐயோ அக்கா, அது நாடகம்!"

"தெரியும் டீச்சர். எல்லா மீட்டிங்கும் நாடகம்தானே."

அடுத்த வீட்டுக் காம்பராவுலயும் அதே கத. எனக்கு அழுகையே வந்துருச்சு. மூணு மாசம் பழகின ஆறு பேரு, யாரு முன்னால நடிக்கிறது?

அதிதிங்க மட்டும் பதினாலு பேரும் கட்டாயம் வர்றதா சொல்லியனுப்பிட்டாங்க. நேத்து செல்வராஜ் அண்ணன் மேடையில கதிரயப் போட்டுப் பாத்தாரு. பதினாலு கதிர, முன்னால ஒரு குத்துவெளக்கு. அப்புறம் கால் வைக்க எடமில்ல.

"அண்ணே, நாங்க எங்க நடிக்கிறது?"

அண்ணன் காலியா கெடந்த மண்டபத்த ஒரு சுத்துப் பாத்தாரு. "கீழ நடிங்க டீச்சர். அங்கதான் யாரும் வரப்போறதில்லையே."

அதனால இதையே அழைப்பிதழா எடுத்துக்கங்க. ஞாயித்துக்கிழம, பின்னேரம் மூணு மணி. தயவு செஞ்சு யாரும் அதிதியா வராதீங்க, சும்மா வாங்க.