வால் சுருண்ட கையெழுத்து

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, காலை நீட்டி உட்காருங்கள். ராக்கெட் கிளம்பினால் ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிருமே, அந்த எங்கள் டைட்டஸ்வில் ஊரில் வெண்டல் பர்விஸ் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்கிறேன்.

விண்வெளி வீரர்கள் கையெழுத்திட்ட படங்களைச் சேகரிப்பவர்களின் சங்கத்தில் வெண்டல் சொன்னதுதான் தீர்ப்பு. சங்க மண்டபத்துச் சுவரில் தொங்கிய, எங்கள் ஊர் விண்வெளி வீரர் ஹாலிஸ் பிரான்டனின் கையெழுத்துப் படங்கள் அத்தனையும் அவர் 'அசல்' என்று முத்திரை குத்தியவை. ஒருநாள் கூட்டத்தில், சங்கத்து டார்லீன் நீட்டிய பிரான்டன் படத்தை மட்டும் ஒரே பார்வையில் தள்ளிவிட்டார்.

"போலி."

"யோவ் வெண்டல், பிரான்டன் என் கண்ணு முன்னால போட்டதுய்யா!"

"கண்ணு ஏமாத்தும். பூதக்கண்ணாடி ஏமாத்தாது." சுவரின் நடுவில் இருந்த தன் சொந்தப் படத்தைக் காட்டினார். சிறு வயதில் பிரான்டனுக்குக் கடிதம் எழுதி, தபாலில் பெற்றது. "கடைசி எழுத்தோட வாலைப் பாரு. பன்னிக்குட்டி வால் மாதிரி சுருண்டிருக்கா? அதான் அசல். உன்னோடது எலி வால்."

"அப்படியா? அவரையே கூப்பிடுவோம். நீ சொன்னது தப்புன்னா, இனிமே இந்தச் சங்கத்துல தீர்ப்பு சொல்லக் கூடாது. சரியா?"

"தாராளமா கூப்பிடு!" வெண்டல் அசருகிற ஆளா?

இரண்டு தெரு தள்ளித்தான் பிரான்டன் வீடு. கிழவர் பிரான்டன் மனைவி எர்லீனின் தோளைப் பிடித்தபடி வந்து சேர்ந்தார். எர்லீன் கையிலிருந்த அட்டைப் பெட்டியைப் பலகார மேசையில் வைத்தாள். எல்லார் முன்னாலும் பிரான்டன் கையெழுத்திட்டார்.

எலி வால்.

வெண்டல் பூதக்கண்ணாடியை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். "இதுவும் போலி."

"தம்பி, நான்தானேப்பா பிரான்டன்?"

"நீங்க அசல்தான் ஐயா. கையெழுத்துதான் போலி."

மண்டபம் அதிர்ந்தது, ராக்கெட் எதுவும் கிளம்பவில்லை, சிரிப்புதான்.

"வயசாச்சுல்ல, கை நடுங்குது. மெதுவாப் போடுங்க," என்றார் வெண்டல்.

மெதுவாகப் போட்டார். வால் இன்னும் நீண்டது.

"நின்னுக்கிட்டே போட்டுப் பாருங்க."

வால் மேசைவிரிப்பு வரை போனது.

"கொஞ்சம் சுருட்டுங்களேன் ஐயா!"

"என் கையெழுத்த எனக்கே சொல்லித் தர்றியா? பூமியச் சுத்திட்டு வந்தவன்டா நான்!"

"முத்திரையக் கீழ வெச்சுட்டுக் கெளம்பு வெண்டல்," என்றாள் டார்லீன்.

தண்ணீர் எடுக்கத் திரும்பிய வெண்டல் அப்படியே நின்றார். பலகார மேசையில் அந்த அட்டைப் பெட்டி. அதன்மேல் கறுப்பு மையில் 'ஹாலிஸ் பிரான்டன்'. பன்றிக்குட்டி வால்!

"இதோ! இதுதான் அசல்! என் பேரையே பந்தயம் கட்டுறேன், இது பிரான்டன் கை!" பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார்.

எர்லீன் வெடுக்கென்று பிடுங்கினாள். "கேக்க நசுக்காதப்பா! சர்க்கரை இல்லாம அவருக்குன்னு செஞ்சது. வேற யாரும் எடுத்துடக் கூடாதேன்னு நான்தான் பேரு எழுதினேன்."

பிறகு சுவரில் தொங்கிய படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"அட, எல்லாமே நம்ம கைதான்! அவரு எப்பப் பாத்தாலும் பயிற்சியில கெடந்தாரு. மூட்டை மூட்டையா வந்த கடுதாசிக்கெல்லாம் அடுப்படியில உக்காந்து கையெழுத்துப் போட்டது வேற யாருன்னு நெனச்சீங்க?"

உங்கள் வீட்டிலும் வெளியே பேர் தெரியாமல் உழைக்கிற கை ஒன்று இருக்கும் கண்ணுகளா. அது நோகாமல் இருக்கட்டும், அது செய்கிற கேக்கும் நசுங்காமல் இருக்கட்டும்.