கேட் வாசல் பைக் கணக்கு

வீட்டு அட்வான்ஸுக்கு வைத்திருந்த அறுபதாயிரத்தையும் 'டக்டக்' கம்பெனிப் பங்கில் போட்டதை இசக்கி வெளியே சொல்லாமல் இருந்திருக்கலாம். பெருமை தாங்காமல் ஃபேக்டரி கேன்டீனில் சொல்லித் தொலைத்தான்.

"இருவது நாளுல தொண்ணூறாயிரம் ஆயிட்டுண்ணே!"

பத்தே நிமிஷத்தில் பலசரக்கை வாசலுக்குக் கொண்டுவரும் ஆப் அது. எதிரே சாம்பார் சாதம் பிசைந்துகொண்டிருந்த சூப்பர்வைசர் புருஷோத்தமன் நிமிர்ந்தார். பிள்ளைப்பாக்கத்துக்காரர்.

"அந்தக் கம்பெனி இன்னா லாபம் பார்த்துது?"

"இதுவரைக்கும் நஷ்டந்தான். ஆனா வளருதுல்லா?"

"எங்கூர்லயும் அப்டித்தான்பா. ஃபேக்டரி வர்து, ஃபேக்டரி வர்துன்னு கல்லாங்குத்து நெலத்த தங்க வெலைக்கு வாங்கினானுங்க. இன்னிக்கு அங்க எங்கூட்டு மாடு மேஞ்சிகினு கீது. வித்துட்டு வெளிய வா."

இசக்கி போனை எடுத்துப் பங்கு விலையை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டான். பணத்தில் பாதி சுகப்பிரியாவுடையது. பக்கத்துச் செல்போன் ஃபேக்டரியில் ஓ.டி. பார்த்துச் சேர்த்தது. ஆவணியில் இருவருக்கும் கல்யாணம். மாதக் கடைசிக்குள் அட்வான்ஸ் தராவிட்டால் வாலாஜாபாத் வீடு வேறு ஆளுக்குப் போய்விடும்.

ஆனால் இசக்கி குவாலிட்டி செக்‌ஷன்காரன். எதையும் எண்ணிப் பார்த்துத்தான் நம்புவான். அன்று ஷிஃப்ட் முடிந்ததும் கேட்டுக்கு எதிரே மரத்தடிக்குப் போனான். மஞ்சள் பை மாட்டிய டக்டக் பைக்குகள் நின்றன. இன்ஸ்பெக்‌ஷன் பேடில் குறித்துக்கொண்டான்: ஐந்து.

மறுநாள் ஒன்பது. அதற்கு மறுநாள் பதினாறு.

"பாத்தீங்களாண்ணே? மூணு நாளுல மூணு மடங்கு வண்டி! யாவாரம் இல்லாமலா இம்புட்டுப் பேரு வாராங்க?"

"வண்டி ஓடிகினு இருந்தா யாவாரம். இது நின்னுகினு கீதே!"

"அடுத்த ஆர்டருக்கு ரெடியா நிக்காங்கண்ணே."

அந்த வாரமே பங்கு சரிந்தது. விற்றுவிடலாமா? பேடைப் புரட்டினான். இருபத்துநான்கு பைக். மலிவாகக் கிடைக்கிறது என்று போனஸ் பணத்தையும் போட்டான். மறுபடி சரிந்தது. முப்பத்தொன்று. தன் பைக்கை விற்று அதையும் போட்டுவிட்டு, தங்கியிருந்த மண்ணூரிலிருந்து நடந்தே டூட்டிக்கு வந்தான்.

ஓட்டுபவர்களின் ஒழுங்கு வேறு அவனை அசத்தியது. கழுத்தில் ஐடி கார்டும் கையில் பேடுமாக அவன் வருவதைக் கண்டால் போதும், சட்டையை இழுத்துவிட்டு வரிசையாக நிற்பார்கள். வணக்கம் வேறு. இப்படி ஒரு கம்பெனி எப்படித் தோற்கும்?

மாதக் கடைசியில் சுகப்பிரியாவே கேட்டுக்கு வந்துவிட்டாள்.

"வீட்டுக்கார மரகதம்மா எனக்கு போன் போடுதாங்க. அட்வான்ஸ் இன்னும் குடுக்கலையாமே?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அவள் அவன் போனைப் பிடுங்கிப் பார்த்தாள். மொத்தமே முப்பத்தெட்டாயிரம்தான் மிச்சம். கண் கலங்கிவிட்டது.

"ராவும் பகலுமா நின்னு சேத்த காசு..."

"ஒரு நிமிஷம் வா பிள்ள. நீயே எண்ணிப் பாரு" என்று இசக்கி அவளை மரத்தடிக்கு இழுத்துப் போனான். வேடிக்கை பார்க்கப் புருஷோத்தமனும் பின்னாலேயே வந்தார்.

நாற்பத்தொரு பைக்! இசக்கிக்கு உயிர் வந்தது. வரிசையின் முதலில் நின்ற ரஞ்சனி என்ற பெண்ணிடம் முதல் முறையாகப் பேச்சுக் கொடுத்தான்.

"ஏம்மா, ஆர்டர் எப்படிப் போவுதுன்னு இவங்ககிட்ட நீயே சொல்லு."

"ஆர்டரா? ஒரு மாசமா ஈ ஓட்டிகினு கீறோம் சார்."

"அப்ப தெனமும் ஏன் இத்தனை பேரு கூடுதீங்க?"

ரஞ்சனி மஞ்சள் பையிலிருந்து நாற்பத்தொரு பயோடேட்டாக்களை எடுத்துப் பணிவாக நீட்டினாள்.

"மொதல்ல நாங்க அஞ்சு பேரு நெழலுக்குத்தான் சார் ஒதுங்கினோம், நீங்க தெனம் வந்து எண்ணி எழுதிகினு போறதப் பார்த்துட்டு, ஃபேக்டரிக்கு ஆள் எடுக்கறாங்கன்னு நான்தான் எல்லாரையும் வரச் சொன்னேன்."